எதை விடுவது, யாரை விடுவது: ஒரு கார்ட்டூன் கோட்டின் வம்சாவளி

1940களின் பிற்பகுதியில் பம்பாயின் 'ஃப்ரீ பிரஸ் ஜர்னல்' நாளிதழில் இரண்டு இளைஞர்கள் கார்ட்டூன் வரைந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் மைசூரில் வேரூன்றிய தமிழ்க் குடும்பத்தின் கடைக்குட்டி, ஆர்.கே. லக்ஷ்மண். மற்றவர் பால் தாக்கரே. இருவருக்கும் ஆதர்சம் ஒருவரே: லண்டனின் 'ஈவினிங் ஸ்டாண்டர்டு' பத்திரிகையில் வரைந்த டேவிட் லோ.

லக்ஷ்மண் அங்கிருந்து 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வுக்குப் போய் அரை நூற்றாண்டு வரைந்தார். வாய் திறக்காத ஒரு வேட்டிக்காரரை இந்தியர்களின் அடையாளமாக்கினார். தாக்கரே 1960-ல் 'மார்மிக்' என்ற கார்ட்டூன் வார இதழைத் தொடங்கினார். பம்பாய் அலுவலகங்களில் வேலை பார்த்த தென்னிந்தியர்களின் பெயர்ப் பட்டியல்கள் அதில் வெளியாயின. அந்த இதழ் மூட்டிய சூட்டிலிருந்து 1966-ல் சிவசேனை பிறந்தது.

ஒரே ஆசானின் படங்களைப் பார்த்துக் கைபழகிய இருவர் இப்படி எதிரெதிர்த் திசையில் போக முடியும் என்றால், ஆதர்சம் என்று நாம் சொல்வதுதான் என்ன? முன்னோடியிடமிருந்து ஒரு கார்ட்டூனிஸ்ட் எதை எடுத்துக்கொள்கிறார்? எதை எடுத்துக்கொள்ளவே முடியாது? லோவுக்கு முன்னும் பின்னும் ஓடும் ஒரு பரம்பரையைத் தொடர்ந்து போனால் இதற்கு ஓரளவு விடை கிடைக்கும். சுருக்கமாகச் சொன்னால், எதை விட்டுவிட்டு வரைவது என்பதை ஒரு கலைஞரிடமிருந்து கற்றுக்கொள்ளலாம். யார் பக்கம் நின்று வரைவது என்பதை அப்படிக் கற்றுக்கொள்ள முடியாது.

பாதியை அழித்த கை

1841-ல் லண்டனில் தொடங்கப்பட்ட 'பஞ்ச்' இதழ் ஆங்கில நகைச்சுவைச் சித்திரத்தின் தாய்வீடு. அதன் பெரும் ஓவியர்களில் ஒருவர் சார்லஸ் கீன் (1823–1891). தெருவோர மனிதர்களை, வண்டிக்காரர்களை, சமையற்காரிகளை அவர் மெல்லிய சாம்பல் நிழல்களோடு வரைவார். பிரெஞ்சு ஓவியர் பிஸாரோ போன்றவர்களே அவரை வியந்து பார்த்தார்கள். ஆனால் 'பஞ்ச்' வாசகர்கள் கண்டது கீனின் கோட்டையல்ல. அன்றைய அச்சு முறையில் ஓவியத்தை மரக்கட்டையில் செதுக்கித்தான் அச்சேற்ற வேண்டும். கீன் மையில் தந்த நுணுக்கங்கள் செதுக்குபவரின் உளியில் பாதி காணாமல் போயின.

அடுத்த தலைமுறையில் வந்தவர் ஃபில் மே (1864–1903). லீட்ஸ் நகருக்கருகே வறுமையில் பிறந்தவர், சிறுவயதில் தந்தையை இழந்தவர், வரையத் தானே கற்றுக்கொண்டவர். 1880களின் நடுவில் ஆஸ்திரேலியாவுக்குப் போய் 'சிட்னி புல்லட்டின்' வார இதழில் சில ஆண்டுகள் வரைந்தார். அதற்குள் அச்சுத் தொழில்நுட்பம் மாறியிருந்தது. ஓவியத்தைப் படம்பிடித்து, துத்தநாகத் தகட்டில் அமிலத்தால் அரித்து எடுக்கும் பிளாக் வந்துவிட்டது. ஓவியரின் கோடு செதுக்குபவர் கைபடாமல் நேராகத் தாளுக்கு வரலாம். ஒரு நிபந்தனை உண்டு. அந்தப் பிளாக்குக்குக் கறுப்பும் வெள்ளையும்தான் தெரியும், சாம்பல் தெரியாது. நெருக்கமாகக் கோடிழுத்தால் மை அப்பிக்கொள்ளும்.

மே வேலைசெய்த விதம் கார்ட்டூன் உலகில் இன்றும் பேசப்படுகிறது. முதலில் எல்லா விவரங்களோடும் ஒரு முழுப்படம் போடுவார். மேல்சட்டையின் மடிப்பு, கன்னத்து நிழல், பின்னாலிருக்கும் சுவர் எதுவும் விடுபடாது. பிறகு ஒவ்வொரு கோடாக எடுத்துப் பார்த்து, இது இல்லாவிட்டாலும் படம் நிற்குமா என்று கேட்பார். நிற்கும் என்றால் அந்தக் கோடு போய்விடும். கடைசியில் ஒரு தொப்பி விளிம்பு, ஒரு முழங்கை வளைவு, காலணியின் தேய்ந்த குதிகால் என்று சில கோடுகளே மிஞ்சும். அந்தக் குதிகாலிலேயே ஆளின் வருமானம் தெரிந்துவிடும். படத்தில் கோடு போதவில்லையே என்று குறைபட்ட பத்திரிகைக்காரரிடம், இன்னும் பாதிக் கோட்டை விடத் தெரிந்துகொண்டால் பல மடங்கு சம்பளம் கேட்பேன் என்று அவர் சொன்னதாக ஒரு கதை உண்டு. அது உண்மையோ கட்டுக்கதையோ, அவருடைய கலைக்கொள்கை அதில் முழுமையாக இருக்கிறது.

கீனிடமிருந்து மே எடுத்துக்கொண்டது எளிய மனிதர்கள் மேல் இருந்த கவனம். கோட்டு முறை அவருடையதே. அச்சு யந்திரம் மாறியபோது, முன்னோடியின் முறையைப் பின்பற்றுவதே முன்னோடிக்குத் துரோகமாகியிருக்கும்.

பழைய புத்தகக் கடையும் லோவும்

டேவிட் லோ 1891-ல் நியூசிலாந்தின் டனீடனில் பிறந்து கிறைஸ்ட்சர்ச்சில் வளர்ந்தார். முறையான ஓவியக் கல்வி அவருக்கு ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். அவருடைய பள்ளிக்கூடம் ஊரிலிருந்த பழைய புத்தகக் கடை. அங்கே 'பஞ்ச்' இதழின் பழைய தொகுதிகள் கிடைத்தன. கீன், லின்லி சாம்போர்ன், ஃபில் மே எல்லோரும் அந்தத் தொகுதிகளில்தான் அவருக்கு அறிமுகமானார்கள். அவர்களில் மேயைக் கடைசிவரை அவர் விடவில்லை.

1911-ல் லோ, மே வரைந்த அதே 'புல்லட்டின்' இதழில் சேர்ந்தார். ஆஸ்திரேலியப் பிரதமர் பில்லி ஹியூஸை வெறிபிடித்த குள்ளராக அவர் வரைந்த படங்கள் 1918-ல் புத்தகமாகி விற்றுத் தீர்ந்தன. அந்தப் புகழ் 1919-ல் அவரை லண்டனுக்குக் கொண்டுசேர்த்தது. 1927-ல் 'ஈவினிங் ஸ்டாண்டர்டு' முதலாளி பீவர்புரூக் அவரை அழைத்தபோது, என்ன வரைவது என்பதில் யாரும் தலையிடக் கூடாது என்ற ஒப்பந்தத்தோடு சேர்ந்தார். பத்திரிகை வலதுசாரி, கார்ட்டூனிஸ்ட் இடதுபக்கம் சாய்ந்தவர். தலையங்கம் ஒன்று சொல்ல, பக்கத்திலிருந்த கார்ட்டூன் அதற்கு நேர்மாறாகச் சொன்ன நாட்கள் உண்டு.

மேயின் பாடத்தை லோ வேறொரு களத்துக்குக் கொண்டுபோனார். பேனாவைவிடத் தூரிகை அவருக்கு உகந்தது. அடர்ந்த கறுப்பும் அகண்ட வெள்ளையும் அவருடைய அடையாளம். 1939 செப்டம்பர் 20-ல் வெளியான 'சந்திப்பு' என்ற படத்தைப் பாருங்கள். போலந்துக்குள் ஜெர்மனி மேற்கிலிருந்தும் சோவியத் படை கிழக்கிலிருந்தும் புகுந்த நேரம். பாழ்பட்ட நிலம், மேலே கறுத்த வானம். இடப்புறம் ஹிட்லர், வலப்புறம் ஸ்டாலின். இருவரும் தொப்பியைத் தூக்கி, இடுப்பை வளைத்து, விருந்துக்கு வந்த சீமான்களைப் போல வணக்கம் சொல்லிக்கொள்கிறார்கள். வாயில் வருவதோ ஒருவரையொருவர் தூற்றும் வசைச்சொல். நடுவே தரையில் ஒரு பிணம் கிடக்கிறது. டாங்கிகள் இல்லை, எரியும் ஊர் இல்லை, போர்விமானம் இல்லை. ஒரு போரை மூன்று உடல்களாகச் சுருக்கிவிட்டார். ஆளின் உருவத்தில் மே செய்ததை லோ உலக அரசியலில் செய்தார்.

இந்தச் சுருக்கத்தின் வலிமை சுருக்கப்பட்டவர்களுக்கே தெரிந்திருந்தது. 'ஈவினிங் ஸ்டாண்டர்டு' ஜெர்மனியில் தடைசெய்யப்பட்டது. 1937-ல் ஜெர்மனி சென்றுவந்த பிரிட்டிஷ் அமைச்சர் ஹாலிஃபாக்ஸ் பிரபு, லோவின் படங்கள் ஹிட்லரை உறுத்துவதாகச் சொல்லிப் பத்திரிகை வழியாக அடக்கி வாசிக்கச் சொன்னார். லோ ஹிட்லரையும் முசோலினியையும் கலந்து ஒரு புதுச் சர்வாதிகாரியை உருவாக்கிச் சில காலம் சமாளித்தார். எழுதித் தந்த ஒப்பந்தத்துக்கும் எல்லை இருந்தது.

லோவின் இன்னொரு படைப்பு கர்னல் பிளிம்ப், 1934-ல் பிறந்தவர். தொந்தியும் தொங்கு மீசையும் கொண்டு, துருக்கிக் குளியலறையின் நீராவிக்குள் துண்டு கட்டி நிற்கும் பழைய ராணுவத் துரை. முன்னுக்குப் பின் முரணாக உளறிக்கொண்டே இருப்பார். அந்தப் படங்களில் பலரும் கவனிக்காத இன்னொரு ஆள் உண்டு. பிளிம்ப் உளறுவதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்கும் குட்டையான தாடிக்காரர். அது லோவேதான். அவரை நினைவில் வைத்துக்கொள்வோம்.

மைசூருக்கு வந்த தாள்

லக்ஷ்மண் 1921-ல் மைசூரில் பிறந்தார். தந்தை பள்ளித் தலைமையாசிரியர், அண்ணன்களில் ஒருவர் நாவலாசிரியர் ஆர்.கே. நாராயண். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத வயதிலேயே வீட்டுக்கு வந்த 'பஞ்ச்', 'ஸ்ட்ராண்ட்' போன்ற ஆங்கில இதழ்களின் படங்களில் மூழ்கிக் கிடந்தார். வீட்டுத் தரையிலும் சுவரிலும் கிறுக்கினார். பள்ளியில் அவர் வரைந்த அரசிலையை ஆசிரியர் பாராட்டிய நாளிலிருந்து தன்னை ஓவியனாகவே எண்ணிக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார்.

சென்னையிலிருந்து வந்த 'தி இந்து' நாளிதழ் லோவின் கார்ட்டூன்களை மறுபிரசுரம் செய்தது. அந்தத் தாளில்தான் லக்ஷ்மண் லோவைக் கண்டடைந்தார். மூலையிலிருந்த 'Low' என்ற கையெழுத்தைச் சரியாகப் படிக்கத் தெரியாமல், 'கௌ' (Cow) என்ற பெயருடைய ஒருவர் வரைகிறார் என்றே நெடுநாள் நம்பியிருந்தார். யார், எந்த நாட்டுக்காரர், எந்தப் பிரதமரைக் கிண்டல் செய்கிறார் என்பதெல்லாம் தெரியாமலேயே அந்தத் தூரிகைக் கோடு மட்டும் சிறுவனைப் பிடித்துக்கொண்டது. அரசியல் உள்ளடக்கம் புரியாத இடத்தில் வடிவம் தனியாகக் கடத்தப்பட்டது என்பது இங்கே முக்கியம்.

பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளி அவருக்கு இடம் தரவில்லை. சேர்வதற்கேற்ற திறமை அவருடைய படங்களில் இல்லை என்று பதில் வந்தது. பிற்காலத்தில் அதே பள்ளி அவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்தது. இடைப்பட்ட காலத்தில் மைசூர் மகாராஜா கல்லூரியில் படித்துக்கொண்டே 'இந்து'வில் வந்த அண்ணனின் கதைகளுக்கும், 'கொரவஞ்சி' என்ற கன்னட நகைச்சுவை இதழுக்கும் படம் போட்டார். லோவின் கைவண்ணத்தை மைசூர்க் கடைத்தெருவின் ஆட்கள்மேல் போட்டுப் பார்த்த காலம் அது. வெள்ளைக்கார முகங்களுக்காக உருவான கோடு குடுமிக்கும் பஞ்சகச்சத்துக்கும் வளைந்துகொடுக்கப் பழகியது.

கூட்டத்திலிருந்து ஒருவர்

'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வில் சேர்ந்த பிறகு லக்ஷ்மணுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல். அரசியல்வாதியின் எதிரே 'மக்கள்' இருக்க வேண்டும். இந்திய மக்களை எப்படி வரைவது? வங்காளி, தமிழர், பஞ்சாபி, குஜராத்தி என்று ஒவ்வொருவரையும் அவரவர் உடையோடு பின்னணியில் நிறுத்தினார். நாளிதழ் வேலையில் மாலைக்குள் படம் அச்சுக்குப் போயாக வேண்டும். நேரம் நெருக்க நெருக்க ஆட்கள் குறைந்தார்கள். கடைசியில் ஒருவர் மிஞ்சினார். வழுக்கைத் தலை, காதோரம் நரைமுடி, மூக்குக்கண்ணாடி, புதர் மீசை, கட்டம்போட்ட கோட்டு, வேட்டி. 1951 முதல் முதல்பக்கத்தின் சிறு கட்டத்தில் அவர் நாட்டின் கூத்துகளையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். அவர்தான் 'காமன் மேன்'. அந்தச் சிறு கட்டத்தின் வடிவம்கூட வேறொரு லண்டன்காரரிடமிருந்து வந்ததே. 1939-ல் 'டெய்லி எக்ஸ்பிரஸ்' இதழில் ஆஸ்பர்ட் லங்காஸ்டர் தொடங்கிய பாக்கெட் கார்ட்டூன் அப்போது மற்ற நாளிதழ்களிலும் பரவியிருந்தது.

ஃபில் மே கோடுகளைக் கழித்தார், லோ காட்சிகளைக் கழித்தார், லக்ஷ்மண் மனிதர்களைக் கழித்தார். மூவரிடமும் இருப்பது ஒரே முறை. வேறெந்த ஒற்றுமையையும்விட இதுவே அவர்களைப் பரம்பரை ஆக்குகிறது. முகச்சாயலைத் தேடுகிறவர்கள் லக்ஷ்மணின் தூரிகைத் தடிப்பில் லோவைக் காண்பார்கள். அது மேலோட்டமான உறவுதான்.

காமன் மேனுக்கும் கர்னல் பிளிம்புக்கும் உறவு சொல்வது வழக்கம். இருவரும் தங்கள் படைப்பாளியைவிடப் புகழ்பெற்ற பாத்திரங்கள் என்பது உண்மைதான். ஆனால் பிளிம்ப் வாய் ஓயாதவர், கேலிக்கு இலக்கானவர். காமன் மேன் பேசவே மாட்டார், கேலியைப் பார்ப்பவர். என் பார்வையில் அவருக்குச் சரியான முன்னோர் பிளிம்ப் அல்லர், பிளிம்புக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அந்தக் குட்டைத் தாடிக்காரர்தான். லோ தன்னையே சாட்சியாக ஓரத்தில் நிறுத்தினார். லக்ஷ்மண் அந்த ஓரத்து இடத்தை வாசகருக்குக் கொடுத்தார்.

தாக்கரேயும் லோவிடமிருந்து சுருக்கத்தைக் கற்றார். ஆள் அடையாளத்தை இரண்டு மூன்று கோட்டில் பிடிக்கும் திறமை அவருக்கும் கைவந்தது. ஆனால் அந்தத் திறமையை வைத்து ஒரு தனிமனிதரின் அதிகாரத்தையும் சுருக்கலாம், ஒரு சமூகத்தையே ஒரு முகமாகவும் சுருக்கலாம். அதிகாரத்தைக் குறுக்கினால் அது அங்கதம். பக்கத்து வீட்டுக்காரனைக் குறுக்கினால் அவன் எளிதில் அடிக்கக்கூடிய இலக்காகிவிடுகிறான். லோ தம் தூரிகையைப் பெரும்பாலும் பலசாலிகளை நோக்கியே பிடித்தார். அந்தத் திசையைத் தூரிகையோடு சேர்த்து யாரும் வாங்கிவிட முடிவதில்லை.

வேறு கிளைகள்

இந்தியக் கார்ட்டூன் முழுவதும் லோவின் வழி வந்ததல்ல. 1906-ல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வார இதழில் பாரதியார் கருத்துப்படங்களை வெளியிட்டார். கழுதையும் சிங்கமும் நரியும் உலவும் அந்தப் படங்களுக்குப் பக்கத்திலேயே விளக்கமும் தரப்பட்டது. வாசகருக்கு வடிவம் புதிது என்பதால் அங்கே கழிப்பதற்கு இடமில்லை, சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

'ஆனந்த விகட'னில் மாலி சங்கீத வித்வான்களைச் சில வளைவுகளில் பிடித்த கேரிகேச்சர்கள் தனி மரபு. மாலியிடம் கோபுலுவும் சில்பியும் உருவான விதம் லக்ஷ்மண் கதைக்கு நேர் எதிர். இங்கே ஆசான் கண்ணெதிரே இருந்தார். கும்பகோணத்து ஓவியப் பள்ளியில் படித்த கோபாலனுக்குக் கோபுலு என்று பெயர் வைத்தவரே மாலிதான். சில்பியின் கைப்போக்கைப் பார்த்துக் கோயில் சிற்பங்களை வரையத் திருப்பிவிட்டவரும் அவரே. சீடனின் கை எதற்கு வரும் என்று பார்த்து ஆளுக்கொரு பாதை காட்ட நேரில் இருக்கும் ஆசானால் முடியும். பத்திரிகைத் தாளில் மட்டும் கிடைக்கும் ஆசானால் அது முடியாது. தனக்கு எது பொருந்தும் என்பதைச் சீடனே தட்டுத்தடுமாறிக் கண்டுபிடிக்க வேண்டும்.

கோவாவின் மரியோ மிராண்டா, இங்கிலாந்தின் ரொனால்ட் சேர்லை ஆதர்சமாகக் கொண்டவர். அவருடைய மதுக்கடையிலும் தேவாலயத் திருவிழாவிலும் ஒரு அங்குலம்கூடக் காலியாக இருக்காது. கழிப்பதே கலை என்பதற்கு அவருடைய படங்கள் உயிருள்ள மறுப்பு. கேரளத்திலிருந்து வந்த சங்கர் 1948-ல் 'சங்கர்ஸ் வீக்லி'யைத் தொடங்கி, ஓ.வி. விஜயன் போன்ற அடுத்த தலைமுறைக்குக் களம் அமைத்தார். சங்கரின் நிறைந்த மேடைக்காட்சியிலிருந்து விஜயன் விலகி, இருண்ட தத்துவச் சிரிப்பை நோக்கிப் போனார். லண்டனில் 'அப்சர்வர்' இதழில் பல ஆண்டுகள் வரைந்துவிட்டுத் திரும்பிய அபு ஆபிரகாமோ கழிப்பதை அதன் எல்லைக்கே கொண்டுபோனார். 1975 டிசம்பரில், நெருக்கடி நிலையின்போது, குளியல் தொட்டியில் படுத்தபடியே குடியரசுத் தலைவர் அவசரச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டு வெளியே நீட்டுவதாக அவர் வரைந்த படத்தில் இருப்பவை ஒரு தொட்டி, ஒரு முகம், ஒரு தாள், நீளும் ஒரு கை. அவ்வளவுதான்.

கழிவில் போனவர்கள்

கழிப்பது கலை என்றால் அதற்கு ஒரு விலையும் உண்டு. லக்ஷ்மண் பின்னணியிலிருந்த கூட்டத்தைக் குறைத்துக்கொண்டே வந்தபோது மிஞ்சியவர் ஒரு நடுவயது தாண்டிய ஆண், கோட்டுப் போட்டவர், நடுத்தர வர்க்கத்தின் சாயல் கொண்டவர். வீட்டில் அவருக்கு வாயாடும் மனைவி உண்டு, ஆனால் நாட்டின் பிரதிநிதி அந்த மனைவி அல்ல. கூலிக்காரர், சேரிக்காரர், பெண்கள் எல்லோரும் படத்தில் வருவார்கள், சாட்சியாக அல்ல, காட்சியாக. எந்தக் கோடு இல்லாவிட்டாலும் படம் நிற்கும் என்று மே கேட்டபோது அது கைத்திறன் பற்றிய கேள்வி. எந்த மனிதர் இல்லாவிட்டாலும் 'மக்கள்' நிற்கும் என்று கேட்கும்போது அது அரசியல் கேள்வியாகிவிடுகிறது.

2012-ல் இந்தக் கேள்வி நாடாளுமன்றத்துக்கே வந்தது. சங்கர் 1949-ல் வரைந்த ஒரு படம் என்சிஇஆர்டியின் பதினோராம் வகுப்புப் பாடநூலில் இருந்தது. அரசியலமைப்பு என்ற நத்தையின் மேல் அம்பேத்கர் சாட்டையோடு அமர்ந்திருக்கிறார், பின்னால் நேரு சாட்டையை ஓங்கி நிற்கிறார், சுற்றிலும் கூட்டம் வேடிக்கை பார்க்கிறது. மக்களவையில் தொல். திருமாவளவன் இதை எழுப்பினார். வரைந்தவருக்கு அது தாமதத்தைப் பற்றிய கிண்டல். தலித் வாசகருக்குத் தெரிந்தது அம்பேத்கரின் முதுகுக்குப் பின்னால் ஓங்கிய சாட்டை. உன்னமதி சியாம் சுந்தர் 2019-ல் தொகுத்த, 1932 முதல் 1956 வரையிலான அம்பேத்கர் கார்ட்டூன்களை ஒருசேரப் பார்க்கும்போது, இது ஒரு படத்தின் விபத்தல்ல, அன்றைய ஆங்கிலப் பத்திரிகைக் கார்ட்டூனின் பொதுப் பார்வை என்பது விளங்கும்.

அதே 2012-ல் தமிழ்நாட்டில் இன்னொரு படம் எதிர்ப்பைக் கிளப்பியது. அது லக்ஷ்மணுடையது. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றி அவர் வரைந்தது, பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் இடம்பெற்றிருந்தது. ஆங்கிலமே வேண்டும் என்ற முழக்கங்களுக்கு நடுவே கையில் கல்லோடு ஒரு மாணவன் நிற்க, இந்தப் பையனுக்கு ஆங்கிலமும் படிக்கத் தெரியாது என்கிறது வசனம். கருணாநிதி, வைகோ முதலான தலைவர்கள் நீக்கக் கோரினார்கள். பாடநூல் கார்ட்டூன்களை ஆராய அமைத்த தோரட் குழு பலவற்றை நீக்கப் பரிந்துரைத்தபோது, அதில் உறுப்பினராக இருந்த எம்.எஸ்.எஸ். பாண்டியன் மட்டும் மாற்றுக் கருத்தைப் பதிவுசெய்தார். திராவிட இயக்கத்தை அக்கறையோடு ஆராய்ந்த அவர் நீக்கத்துக்கு எதிராக நின்றது யோசிக்கத் தக்கது. படத்தை எடுத்துவிட்டால் அந்தப் பார்வை இருந்தது என்பதற்கான ஆதாரமும் போய்விடும்.

அந்தப் படத்தில் கோட்டுத் தவறு ஒன்றும் இல்லை. சிக்கனம், வேகம், வசனத்தின் கூர்மை எல்லாம் லோவின் சீடருக்குரியவைதான். தவறியது நிற்குமிடம். தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர்தான் என்றாலும் பம்பாயின் ஆங்கில நாளிதழ் மேசையிலிருந்து பார்த்தபோது அவர் கண்ணுக்கு அந்த மாணவன் வெறும் கலவரக்காரன். அவன் ஆங்கிலத்தை ஏன் கேட்டான், வேலைக்கும் தேர்வுக்கும் இந்தி ஒன்றே வழியானால் அவன் எங்கே நிற்பான் என்பதெல்லாம் கழிவில் போய்விட்டன. ஐம்பதாண்டு அதிகாரத்தை ஊடுருவிப் பார்த்த கண்ணுக்கே இது நேர்ந்தது என்றால், இங்கே ஆசானின் பாடம் உதவவில்லை என்றுதான் பொருள். லோவிடம் அதற்கான பாடம் இருந்திருக்கவும் முடியாது.

இன்று கைப்பேசியிலும் டேப்லெட்டிலும் வரையத் தொடங்கும் இளைஞர்களுக்கு உலகத்து முன்னோடிகள் எல்லோரும் விரல்நுனியில் கிடைக்கிறார்கள். பிளாக்கின் நெருக்கடி இல்லை, மை அப்பிக்கொள்ளும் பயமும் இல்லை. கோட்டைக் குறைக்கக் கற்றுக்கொள்ள லக்ஷ்மணைவிட நல்ல ஆசான் இந்தியாவில் அரிது. அவரை ஆதர்சமாகக் கொள்கிறவர்கள் அவருடைய காமன் மேனை நகலெடுப்பதைவிட, கையில் கல்லோடு நின்ற அந்தப் பையனை மறுபடியும் வரைந்து பார்க்கலாம். இந்த முறை படம் அவன் நிற்கும் இடத்திலிருந்து வரையப்பட வேண்டும்.